பாக்டீரியா பாட்டில் வெயிலில் வெந்துவிட்டதா? கொஞ்சம் சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். மகளுக்காக 2 அடி மீன் தொட்டி வைத்திருக்கிறேன், சுமார் 55 லிட்டர் தண்ணீர். மீன் இன்னும் விடவில்லை.

கொளத்தூரில் பாக்டீரியா பாட்டில் ஒன்று வாங்கினேன் (தண்ணீரில் மீனுக்கு விஷமான அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாக மாற்றும் நல்ல பாக்டீரியா). வரும் வழியில் வேறு வேலை வந்து, பாட்டில் ஸ்கூட்டர் டிக்கியில் 3 மணி நேரம் கிடந்தது. மே மாத வெயில். எடுத்தபோது டீ கிளாஸ் மாதிரி சுட்டது. அப்படியே பாதியை ஊற்றிவிட்டேன். மெட்ரோ வாட்டர்தான், குளோரின் எடுக்க மருந்து முதலிலேயே போட்டாச்சு. ஃபில்டர் ராத்திரி பகலாக ஓடுகிறது.

இன்று 9ஆம் நாள். அம்மோனியா 2 பிபிஎம்மில் அப்படியே நிற்கிறது. நைட்ரைட் சோதனையில் தண்ணீர் நீலமாகவே இருக்கிறது, துளி ஊதா இல்லை, அதாவது நைட்ரைட் இல்லை. நைட்ரைட் எட்டிப் பார்த்தால்தானே பாக்டீரியா உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்?

மீதிப் பாதியை ஃபிரிட்ஜ் கதவில் வைத்திருக்கிறேன், ஃப்ரீசரில் இல்லை. மூடியைத் திறந்தால் லேசாக அழுகிய முட்டை வாடை. இதை ஊற்றலாமா, கொட்டிவிடலாமா? புதுசு வாங்கினால் ஐஸ் பையோடு கொண்டுவந்தால் போதுமா?

"ரெண்டு மோலி மீன் விடு, தானா சரியாகிடும்" என்கிறார்கள். அம்மோனியாவில் செவுள் வெந்து அது தவிப்பதைப் பார்க்க என்னால் முடியாது.

வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் நோயில்லாத பழைய தொட்டி வைத்திருப்பவர்கள், ஓடிக்கொண்டிருக்கும் ஃபில்டர் ஸ்பாஞ்சில் (அதில் இந்த பாக்டீரியா குடியிருக்கும்) ஒரு துண்டு தருவீர்களா? தொட்டித் தண்ணீரிலேயே நனைத்து எடுத்துக்கொண்டு உடனே வீட்டுக்கு வந்துவிடுவேன்.