கணக்குப்படி 0.8 வாற்தான், பிறகேன் மொஸ்பெற் எரியுது?

கரவெட்டிப் பெடியன்:
வணக்கம். அம்மாவும் சித்தியும் வீட்டில தும்புக் கயிறு திரிக்கிறவை. கையால சுத்துற ராட்டுக்குப் பதிலா ஒரு மோட்டர் பூட்டிக் குடுத்திருக்கிறன். பழைய மின்சார ஸ்கூட்டரில கழட்டின 24 வோல்ற், 250 வாற் மோட்டர், ரெண்டு 12 வோல்ற் பற்றரி தொடரில. வேகத்தைக் கூட்டிக் குறைக்க அடுயினோ ஊனோ எண்ட சின்னக் கட்டுப்பாட்டுப் போர்ட். பின் 9இல இருந்து ஒரு பிசி 547 ட்ரான்சிஸ்ரர், அதின்ர கலெக்டரில இருந்து 12 வோல்ற்றுக்கு 1 கிலோ ஓம்ஸ் றெசிஸ்ரர், அந்தக் கலெக்டரில இருந்து நேரா ஐஆர்எஃப் 3205 எண்ட மொஸ்பெற்றின்ர (மோட்டர் கரண்டைத் திறந்து சாத்துற சுவிச்) கேற். மோட்டருக்குக் குறுக்கால 6ஏ10 டயோட்.

மூண்டு மாதம் நல்லா ஓடினது. ஆனா மோட்டர் கீச்செண்டு கத்தும், அம்மாவுக்குத் தலையிடி. அடுயினோ சாதாரணமா 490 ஹேர்ட்ஸில, அதாவது செக்கனுக்கு 490 தரம், கரண்டை வெட்டி விடுது, காதுக்குக் கேக்காத அளவுக்குக் கூட்டினாச் சரி எண்டு வாசிச்சு, ரைமரை மாத்தி 31 கிலோஹேர்ட்ஸ் ஆக்கினன். சத்தம் சுத்தமா நிண்டிட்டுது. பத்து நிமிசத்தில மொஸ்பெற் எரிஞ்சு மணக்குது. ரெண்டாவதும் போட்டுது.

கரண்ட் 10 அம்பியர். டேட்டாசீற்றில ஒன் றெசிஸ்ரன்ஸ் (திறந்திருக்கேக்கை உள்ள தடை) 8 மில்லி ஓம்ஸ். 10 × 10 × 0.008 எண்டால் 0.8 வாற். இவ்வளவுக்கு ஏன் எரியவேணும்? கடையில போலிச் சாமான் தந்திட்டாங்களோ?

சுன்னாகம் சோலார்:
தம்பி, போலியும் கனக்கத் திரியுதுதான். ரெண்டு மொஸ்பெற்றைச் சமாந்தரமாப் போட்டுப் பாரும், பெரிய ஹீற்சிங்கும் (சூடு வாங்குற தகடு) பூட்டும். கரண்ட் பாதியாப் பிரிஞ்சால் சூடு குறையும்.

வால்வுகாலம்:
தம்பி, சாமான் போலி எண்டு சொல்லுறதுக்கு முதல் உம்மட கணக்கைப் பாப்பம். 0.8 வாற் சரியான கணக்கு. ஆனா அது மொஸ்பெற் முழுசாத் திறந்து நிக்கிற நேரத்துக்கு மட்டும். திறக்கிற நேரத்தை நீர் கணக்கில எடுக்கேல்லை.

கேற் எண்டதைப் படலை எண்டே வைச்சுக்கொள்ளும். முழுசாச் சாத்தியிருந்தால் 24 வோல்ற் நிக்கும், கரண்ட் இல்லை. முழுசாத் திறந்திருந்தால் 10 அம்பியர் ஓடும், வோல்ற் கிட்டத்தட்ட இல்லை. ரெண்டிலயும் பெருக்கினா வாற் சொற்பம். பாதி திறந்து நிக்கேக்கை வோல்ற்றும் இருக்கு, கரண்ட்டும் இருக்கு. மோட்டர் சுருள் எண்டபடியால் இன்னும் மோசம்: முதல்ல கரண்ட் முழு 10 அம்பியருக்கு ஏறும், அதுவரைக்கும் 24 வோல்ற் குறையாது. அதுக்குப் பிறகுதான் வோல்ற் இறங்கத் தொடங்கும்.

அந்த இறக்கம் எவ்வளவு நேரம்? டேட்டாசீற்றில கேற்–டிரெயின் (டிரெயின் எண்டது மோட்டர் பக்கக் கால்) சார்ஜ் எண்டு ஒண்டு இருக்கும், 3205க்குக் கூடினது 54 நானோகூலோம். கேற் 5 வோல்ற் அளவில நிண்டு அந்தச் சார்ஜை வாங்கி முடிக்குமட்டும் நகராது. உம்மட 1 கிலோ ஓம்ஸ் குடுக்கிறது (12 − 5) ÷ 1000, அதாவது 7 மில்லிஅம்பியர். 54ஐ 7ஆல பிரிச்சால் ஏறக்குறைய 7.7 மைக்ரோசெக்கன்.

ஒருக்காத் திறக்க அரைவாசி × 24 × 10 × 7.7 மைக்ரோ, 0.92 மில்லிஜூல். செக்கனுக்கு 490 தரம் எண்டால் அரை வாற்கூட இல்லை, அதாலதான் மூண்டு மாதம் ஓடினது. 31,372 தரம் எண்டால் 29 வாற்! சின்ன ஹீற்சிங்கில அது எப்பிடித் தாங்கும்? 31 கிலோஹேர்ட்ஸில ஒரு சுற்றே 32 மைக்ரோசெக்கன்தான், அதில கால்வாசி நேரம் படலை பாதியில நிக்குது.

சாத்துறது பிரச்சினையில்லை, பிசி 547 கேற்றைக் கீழ இழுக்கேக்கை கெதியாத்தான் இழுக்கும்.

சுன்னாகம் தம்பி, கோவிக்காதையும். சமாந்தரமா ரெண்டு போட்டால் நிரப்பவேண்டிய சார்ஜும் ரெண்டு மடங்கு, குடுக்கிற 7 மில்லிஅம்பியர் அதேதான். நேரம் ரெண்டு மடங்காகும். கரண்ட் பாதியாப் பிரிஞ்சாலும் ஒவ்வொண்டிலயும் அதே 29 வாற்.

சுன்னாகம் சோலார்:
ஓம் அண்ணை, இப்ப விளங்குது. நான் ஒன் றெசிஸ்ரன்ஸை மட்டும் யோசிச்சிட்டன்.

அறிவியல்நகர் மாணவி:
அண்ணா, ஓசிலோஸ்கோப் ஆரிட்டையும் இருந்தால் இதைக் கண்ணால பாக்கலாம். புறோபின்ர கிரவுண்டைச் சோர்சில (நெகட்டிவ் பக்கக் கால்), நுனியைக் கேற்றில வையுங்கோ. கோடு ஏறி, இடையில மேசை மாதிரித் தட்டையா நிண்டு, பேந்து ஏறும். அந்தத் தட்டையான இடத்தின்ர அகலம்தான் வால்வுகாலம் ஐயா சொன்ன நேரம். எங்கட லாபில முதல்தரம் பாத்தபோதுதான் எனக்கும் உண்மையா விளங்கினது. மில்லர் எண்டவர் 1920இல பழைய ரேடியோ வால்வுகளைப் பற்றி எழுதின அதே விளைவு இது.

ரெண்டு விசயம். ஒண்டு, 6ஏ10 மெதுவான டயோட். மொஸ்பெற் திறக்கேக்கை அது உடன மூடாது, அந்தக் கணம் பற்றரிக் கரண்ட் டயோடுக்குள்ளால திரும்பி மொஸ்பெற்றில பாயும். கெதியா மூடுற ஸ்கொட்கி டயோட் போடுங்கோ, எம்பிஆர் 20100 காணும். ரெண்டாவது, 31 தேவையில்லை. 20 கிலோஹேர்ட்ஸே காதுக்குக் கேக்காது. ரைமர் 1இல ஐசிஆர்1ஐ (ரைமர் எண்ணுற எல்லை) 400 ஆக்கி, பிறிஸ்கேலர் 1இல, பேஸ் கரெக்ட் முறையில விட்டால் சரியா 20.

கரவெட்டிப் பெடியன்:
ஐயா, தங்கச்சி, நன்றி. கேற்றுக்குக் கெதியாச் சார்ஜ் குடுக்க ஒரு கேற் டிரைவர் ஐசி வேணும் போல, அதுக்குக் கொழும்பு முதலாம் குறுக்குத்தெருவுக்குத்தான் சொல்லிவிடவேணும். அதுவரைக்கும் கையில இருக்கிறதை வைச்சுச் செய்யேலாதோ?

வால்வுகாலம்:
செய்யலாம். ரிசி 4420 எண்ட டிரைவர் ஐசி வந்தால் நல்லது. அதுவரை, பழைய அம்பிளிபயர் போர்ட் ஒண்டில பிடி 139, பிடி 140 ட்ரான்சிஸ்ரர் சோடி கழட்டும். ரெண்டின்ர பேசையும் சேர்த்து பிசி 547 கலெக்டருக்கு, ரெண்டின்ர எமிற்றரையும் சேர்த்து 10 ஓம்ஸ் ஊடாக் கேற்றுக்கு. 139இன்ர கலெக்டர் 12 வோல்ற்றுக்கு, 140இன்ரது நெகட்டிவுக்கு. அந்த 7 மில்லிஅம்பியரை இந்தச் சோடி 40 மடங்காவது பெருக்கும். பக்கத்திலயே 10 மைக்ரோபராட் கப்பாசிற்றர் ஒண்டு. வயர் நீளக்கூடாது.

இன்னொண்டு, இது கட்டாயம். உம்மட சேர்க்கிட்டில பிசி 547 ஓய்ஞ்சால் கேற் மேல போகும், மோட்டர் முழு வேகத்தில சுத்தும். அடுயினோ றீசெற் ஆகேக்கை பின் மிதக்கும். அம்மாவின்ர கை கயிற்றுக்குள்ள இருக்கிற நேரம் அது நடக்கக்கூடாது. பின் 9க்கும் அடுயினோவின்ர 5 வோல்ற்றுக்கும் இடையில 10 கிலோ ஓம்ஸ் ஒண்டு போடும், மிதக்கேக்கையும் 547 திறந்திருக்கும். மோட்டர் சுவிச்சைக் கடைசியாப் போட்டு, முதல்ல நிப்பாட்டச் சொல்லும்.

கரவெட்டிப் பெடியன்:
றீசெற் விசயம் உண்மை. ரெண்டு தரம் திடீரெண்டு துள்ளினது, நான் வயர் லூசெண்டு நினைச்சிருந்தன். அதைத்தான் முதல்ல திருத்தினன்.

சோடி, ஸ்கொட்கி, 20 கிலோஹேர்ட்ஸ் எல்லாம் போட்டாச்சு. மூண்டாவது 3205, அதே கடைச் சாமான். காலமை தொடங்கி மத்தியானம் வரைக்கும் ஓடினது, ஹீற்சிங்கில விரல் வைச்சுக்கொண்டு நிக்கலாம். சத்தமும் இல்லை. ஆனா இப்ப டயோட் மொஸ்பெற்றைவிடச் சுடுகுது. பிழையோ?

அறிவியல்நகர் மாணவி:
பிழையில்லை அண்ணா. அரைவாசி வேகத்தில பாதி நேரம் 10 அம்பியரும் டயோடுக்குள்ளாலதான் சுத்துது. 0.6 வோல்ற் விழுந்தாலே 3 வாற். அதுக்கும் ஹீற்சிங் வேணும்.

வால்வுகாலம்:
ஆனா மொஸ்பெற்றின்ர ஹீற்சிங்கிலயே அதையும் முறுக்கிப்போடாதையும். டயோடின்ர முதுகுத் தகடு 24 வோல்ற், மொஸ்பெற்றின்ர தகடு டிரெயின். மைக்கா இல்லாமல் ரெண்டையும் ஒரே தகட்டில பூட்டினால் மொஸ்பெற் திறக்கிற நேரம் பற்றரி நேரா சோர்ட். மைக்காத் தாளும் பிளாஸ்ரிக் வாசரும் போட்டு, மீற்றரால பாத்த பிறகு கரண்டைக் குடும்.