வளவு வீட்டார் குழு: முகப்பில் சூரியன், பின் தெருவில் வியாழன்

சென்னை அண்ணன், காலை 8:40
படத்தைப் பார்த்தேன். முகப்பிலிருந்து வளவு முற்றம் வழியாக இரண்டாம் கட்டு வரை சணல் கயிறு எதற்கு? வீட்டில் ஏதும் வேலை நடக்கிறதா?

ஆச்சி (அக்கா), 8:52
வேலைதான் அண்ணே. முகப்பில் சூரியனை வைத்திருக்கிறோம். விடுமுறையில் தெருப் பிள்ளைகள் ஒன்பது பேருக்குக் கணினி சொல்லிக்கொடுக்கிறேன் என்றேனே, அவர்கள் கட்டிய கயிறு.

சென்னை அண்ணன், 8:55
கணினிக்கும் கயிற்றுக்கும் என்ன தொடர்பு? முதலில் தட்டச்சு, பிறகு வேர்டு, பிறகு எக்செல் என்று வரிசையாகப் போனால்தானே அடிப்படை உறுதியாகும்?

ஆச்சி, 9:10
அப்படித்தான் தொடங்கினேன். மூன்றாம் நாளே நான்கு பேர் வரவில்லை. பாடத்தை நிறுத்திவிட்டு ஒரு கேள்வி கேட்டேன்: 10,000 கிலோமீட்டரை ஒரு மில்லிமீட்டராகச் சுருக்கினால் சூரியக் குடும்பம் நம் வீட்டுக்குள் அடங்குமா?

நோட்டில் போட்டுப் பார்த்தார்கள். பூஜ்ஜியங்களை எண்ணியே களைத்துப்போனார்கள். "இதைக் கணினி செய்யாதா டீச்சர்?" என்று ஏழாம் வகுப்புப் பையன் கேட்டான். அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அப்போதுதான் எக்செல் விரிதாளைத் திறந்தேன்.

சிங்கப்பூர் தம்பி, 9:14
வீட்டுக்குள் அடங்கியதா ஆச்சி?

ஆச்சி, 9:21
சூரியன் 14 சென்டிமீட்டர், ஒரு பெரிய தேங்காய். பூமி ஒரு கடுகு, 15 மீட்டர் தள்ளி வளவில் இருக்கிறது. செவ்வாய் கசகசா, 23 மீட்டரில், இரண்டாம் கட்டில். வியாழன் சுண்டைக்காய், 78 மீட்டர். அது பின்வாசலைத் தாண்டி அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. நெப்டியூன் ஒரு மிளகு. அதை வைக்க 450 மீட்டர் வேண்டும், ஊருணிக் கரைக்குத்தான் போக வேண்டும்.

அப்பத்தா, 9:24
கசகசாவைத் திருப்பி வைத்துவிடு தாயி. பிள்ளைகளுக்குப் பணியாரம் கொடுத்தாயா?

ஆச்சி, 9:25
கொடுத்துவிட்டேன் அப்பத்தா.

சென்னை அண்ணன், 9:31
தவறே வரவில்லையா?

ஆச்சி, 9:48
வராமலா? நெப்டியூனின் தொலைவை அடித்ததும் கட்டம் முழுக்க ##### என்று வந்துவிட்டது. கணினி கெட்டுவிட்டதென்று ஒருவன் கையை எடுத்துக்கொண்டான். கட்டம் குறுகலாக இருந்தது, அவ்வளவுதான். அகலப்படுத்தியதும் எண் தெரிந்தது.

அடுத்ததுதான் பெரிய சிக்கல். சுருக்கும் அளவான 10,000 என்பதை மேலே ஒரே கட்டத்தில் எழுதிவைத்து, எல்லாக் கோள்களையும் அதனால் வகுக்கச் சொன்னேன். புதனுக்குச் சரியாக வந்தது. அதே சூத்திரம் மற்றக் கோள்களுக்கும் வர, அதைக் கீழே இழுத்தார்கள். வெள்ளியிலிருந்து எல்லாம் பிழை, பூஜ்ஜியத்தால் வகுக்கிறாய் என்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை. முக்கால் மணி நேரம் தேடினார்கள். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒவ்வொரு கட்டமாகச் சொடுக்கிப் பார்த்துவிட்டு, "டீச்சர், நாம் இழுக்க இழுக்க, வகுக்கிற கட்டமும் கீழே இறங்குகிறது. அங்கே ஒன்றுமே இல்லை" என்றாள். சூத்திரத்தில் 10,000 உள்ள கட்டத்தின் பெயருக்கு டாலர் குறி ($) போட்டால் அந்தக் கட்டம் நகராது என்று அப்போதுதான் சொன்னேன். "மாட்டைக் கட்டிப் போடுகிற மாதிரி" என்றாள்.

சென்னை அண்ணன், 9:56
அந்த டாலர் குறியை எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேருபவர்களுக்கு ஆண்டுதோறும் விளக்குகிறேன். சின்னப் பிள்ளை காரணத்தைத் தானே பிடித்துவிட்டாள் என்றால் பெரிய செய்தி. ஆனாலும் தட்டச்சை விட்டுவிடாதே.

ஆச்சி, 9:58
விடவில்லை. கோள்களின் பெயர்ச் சீட்டுகளைத் தமிழ்99 விசைப்பலகையில் அவர்களே அடித்தார்கள்.

சிங்கப்பூர் தம்பி, 10:03
நிலா எங்கே?

ஆச்சி, 10:11
கடுகிலிருந்து நான்கு சென்டிமீட்டர் தள்ளி ஒரு ரவைத் துணுக்கு. அந்த நான்கு சென்டிமீட்டரைக் கடந்து இறங்கத்தான் சந்திரயான்-3 2023 ஜூலை 14 முதல் ஆகஸ்ட் 23 வரை 40 நாள் எடுத்துக்கொண்டது என்றேன். இடையில் விரலை வைத்துப் பார்த்த பையன் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

கடைசியில் இறங்கிய சுமார் 19 நிமிடமும் தரையிலிருந்து யாரும் ஓட்டவில்லை, விக்ரம் என்ற தரையிறங்கும் கலத்துக்குள் இருந்த நிரலே முடிவெடுத்தது என்று சொன்னேன். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்றதும் ஒருத்தி பேருந்தில் எத்தனை மணி நேரம் என்று கேட்டாள். இப்போது எல்லோருக்கும் அப்படி ஒரு நிரல் எழுத வேண்டும். கட்டைகளை அடுக்கி நிரல் எழுதும் ஸ்கிராட்ச் என்ற மென்பொருளில் நிலாவின் ஈர்ப்பு முடுக்கத்தை 1.62 மீ/வி² என்று வைத்து, "உயரம் குறைந்தால் வேகத்தைக் குறை" என்று கட்டைகளை அடுக்கப்போகிறோம். மடிக்கணினி இரண்டுதான் இருக்கிறது.

சிங்கப்பூர் தம்பி, 10:15
என்னிடம் பழையது ஒன்று இருக்கிறது, அடுத்த வாரம் வருபவரிடம் கொடுத்துவிடுகிறேன். இணையம் இல்லாமலும் ஓடும்படி ஸ்கிராட்சை நிறுவியே அனுப்பட்டுமா?

ஆச்சி, 10:16
நிறுவாதே தம்பி. அதையும் பிள்ளைகளே செய்யட்டும். சார்ஜரை மட்டும் மறந்துவிடாதே.

சென்னை அண்ணன், 10:20
சனிக்கிழமை வருகிறேன். நெப்டியூனுக்கு வேண்டிய கயிறு நான் வாங்கிவருகிறேன்.