மேனேஜர் 'லெட் யூ கோ' என்றார், வேலை போய்விட்டதா? அவசரம்

புதிதாக வந்தவன்: வெளிநாட்டு வேலைக்கு வந்து ஏழு வாரம்தான் ஆகிறது. நேற்று மாலை போனில் மேனேஜர் 'லெட் யூ கோ' என்றார். கூகுளில் தேடினால் வேலையை விட்டு நீக்குவது என்று வருகிறது. மனைவிக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. யாராவது சொல்லுங்கள்.

நியூஜெர்சி அண்ணன்: தம்பி, ஹெச்-1பி வேலை விசா என்றால் வேலை முடிந்த மறுநாளிலிருந்து அதிகபட்சம் 60 நாள் நாட்டில் தங்கலாம். அதற்குள் வேறு கம்பெனி மனு போட வேண்டும். இந்தச் சலுகையே 2017-ல்தான் வந்தது. எனக்கு 2009-ல் வேலை போனபோது நண்பன் வீட்டு ஹாலில் மூன்று வாரம் படுத்திருந்தேன். அம்மாவிடம் சொல்லவே இல்லை.

லெஸ்டர்வாசி: அது அமெரிக்கக் கணக்கு. பிரிட்டனில் கம்பெனி 10 வேலை நாளுக்குள் விசாவைக் கவனிக்கும் ஹோம் ஆபீசுக்குத் தெரிவிக்கும். வழக்கமாக அவர்கள் கடிதம் வந்த பிறகுதான் 60 நாள். எந்த நாடு என்றே சொல்லவில்லையே?

பனிக்காட்டான்: எந்த நாடானால் என்ன, இவர்கள் எதையும் நேராகச் சொல்வதில்லை. வாடகை, ஹீட்டர் பில் கட்டியே சம்பளம் போகிறது. முதல் குளிர்காலத்தில் நான் அழாத நாள் இல்லை.

மதுரை அக்கா: கொஞ்சம் பொறுங்கள். தம்பி, பேச்சின் எந்த இடத்தில் அப்படிச் சொன்னார்? முழு வாக்கியம் என்ன?

புதிதாக வந்தவன்: பிரிட்டன்தான், எடின்பரோவில் இருக்கிறேன் அக்கா. ரிப்போர்ட் பற்றிப் பேசி முடித்ததும் 'ஆல்ரைட், ஐ வில் லெட் யூ கோ, டாக் டுமாரோ' என்றார்.

மதுரை அக்கா: அப்படியானால் பயப்படாதீர்கள். நம் ஊரில் 'சரி, நீங்க வேலையப் பாருங்க, வச்சிடறேன்' என்போமே, அதுதான் இது. வேலையை விட்டு எடுக்கும்போது பெரும்பாலும் 'வீ ஆர் லெட்டிங் யூ கோ', 'வீ ஹேவ் டு லெட் யூ கோ' என்று கம்பெனி சார்பில் 'வீ' போட்டுச் சொல்வார்கள். கடைசி நாள், நோட்டீஸ், பாக்கிச் சம்பளம் எல்லாம் கூடவே பேச்சில் வரும். போன் முடிகிற நேரத்தில் 'ஐ வில்' என்று வந்தால் விடைபெறுவதுதான். 'ஐ வோன்ட் கீப் யூ' என்பதும் இதே. நாம் 'போறேன்' என்று கூடச் சொல்லாமல் 'போயிட்டு வரேன்' என்பவர்கள், 'கோ' என்றதும் நெஞ்சு பதறத்தான் செய்யும். நாளைக்குப் பேசலாம் என்றும் சொல்லியிருக்கிறார், பாருங்கள். லாகின் வேலை செய்கிறதா?

புதிதாக வந்தவன்: செய்கிறது அக்கா. பத்து மணி மீட்டிங்கும் அப்படியே இருக்கிறது. குளித்துவிட்டுக் கிளம்புகிறேன்.