"இந்தக் காசு அங்கே போய் என்னவாகும்?" – மாணவப் பருவத்தில் குழந்தைகளுக்காக நிதி திரட்டிய அனுபவங்கள்

படிக்கும் காலத்தில் எங்கோ இருக்கும் குழந்தைகளுக்காக உண்டியல் தூக்கியவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். அப்போது நடந்த, இன்றும் மனத்தை விட்டுப் போகாத ஒரு சந்திப்பை எழுதுங்களேன். முதலில் என்னுடையது.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. போரும் வறட்சியும் சேர்ந்து ஒரு நாட்டைப் பஞ்சத்தில் தள்ளியிருந்தன. நாங்கள் பதினோரு பேர் ரயில் நிலைய வாசலில் நின்று, "குழந்தைகளுக்காக, குழந்தைகளுக்காக" என்று உண்டியலைக் குலுக்கிக்கொண்டிருந்தோம். ஒரு பாட்டி பர்ஸைத் திறந்து பணத்தை எடுத்தார். எடுத்தவர் போடவில்லை.

"தம்பி, இந்தக் காசு அங்கே போய் என்னவாகும்?"

"சாப்பாடு வாங்குவார்கள் பாட்டி."

"என்ன சாப்பாடு? தண்ணீரே இல்லாத ஊர் என்கிறாயே, எதை வைத்துச் சமைப்பார்கள்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பணத்தைப் போட்டுவிட்டுத்தான் போனார். அதனால்தான் இன்னும் உறுத்தியது. அன்று இரவு உட்கார்ந்து படித்தேன். கடுமையாக மெலிந்துபோன குழந்தைகளுக்கென்றே ஒரு சத்துப் பசை இருக்கிறது: வேர்க்கடலை, பால் பவுடர், எண்ணெய், சர்க்கரை, வைட்டமின்கள், தாது உப்புகள். பிரான்சில் 1990-களின் நடுவில் உருவானது. ஒரு பாக்கெட் 92 கிராம், கிட்டத்தட்ட 500 கலோரி. சமைக்க வேண்டாம், தண்ணீரில் கரைக்க வேண்டாம். மூலையைக் கிழித்துக் கொடுத்தால் குழந்தை அப்படியே உறிஞ்சிச் சாப்பிடும். பாட்டியின் இரண்டு கேள்விகளுக்கும் அதில் விடை இருந்தது. முன்பெல்லாம் மருத்துவமனையில் படுக்க வைத்துப் பால் புகட்டித் தேற்ற வேண்டியிருந்த குழந்தைகளில் பெரும்பாலோரை, வேறு சிக்கல் இல்லையென்றால், சில வாரங்களில் வீட்டிலேயே தேற்றிவிட முடிகிறது.

அதைப் படிக்கும்போதுதான் அந்த நாடாவைப் பற்றியும் தெரிந்தது. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் மேல்கையில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றிப் பார்க்கும் அளவு நாடா. சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் சிவப்பு. அதாவது உயிருக்கே ஆபத்து. காகிதத்தை அந்த அளவுக்கு வெட்டி வளையமாக ஒட்டினேன். என் மூன்று விரல்களைச் சேர்த்து நுழைத்தேன். வளையம் நிறைந்துவிட்டது. ஒரு குழந்தையின் கை அவ்வளவுதான்.

அடுத்த வாரம் உண்டியலோடு அந்த வளையத்தையும் கொண்டு போனோம். குலுக்கவில்லை, கூவவில்லை. கேட்பவர்கள் கையில் கொடுத்தோம். ஒருவர் தன் மணிக்கட்டில் போட்டுப் பார்த்தார், ஏறவில்லை. ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் நின்றார். அந்தப் பாட்டி மறுபடி வருவார் என்று ஒவ்வொரு வாரமும் பார்த்தேன், வரவே இல்லை.

*

மாணவர் அமைப்பில் பொருளாளராக இருந்தவன் நான். நல்ல கதையோடு தொடங்கியிருக்கிறீர்கள் அண்ணா. என்னுடையது கொஞ்சம் கசப்பானது.

அகதி முகாம் குழந்தைகளின் படிப்புக்காகப் பெரிய இசை நிகழ்ச்சி வைத்தோம். அரங்கம், ஒலிபெருக்கி, எல்லோருக்கும் ஒரே நிறத்தில் டி-சட்டை. கூட்டம் நிரம்பி வழிந்தது, மறுநாள் எல்லோரும் தோளைத் தட்டினார்கள். மூன்றாம் நாள் கணக்குப் போட்டேன். வசூலில் பாதிக்கு மேல் செலவிலேயே போயிருந்தது. டி-சட்டைக்குக் கொடுத்த பணம் மட்டுமே, உண்டியலில் விழுந்த சில்லறை மொத்தத்தையும்விட அதிகம். யாரும் திருடவில்லை, ஆனாலும் அந்தக் குழந்தைகளிடம் எடுத்துவிட்டது போலத்தான் எனக்கு இருந்தது. நண்பர்கள் வெளியே சொல்ல வேண்டாம் என்றார்கள். நான் கணக்கை அப்படியே அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். இரண்டு பேர் பல மாதம் என்னோடு பேசவில்லை.

அப்புறம்தான் 1950-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் நடந்ததைப் படித்தேன். மேரி எம்மா ஆலிசன், கிளைட் ஆலிசன் என்ற தம்பதி, ஹாலோவீன் அன்று வீடு வீடாக மிட்டாய் கேட்கப் போகும் பிள்ளைகளிடம் பால் அட்டைப்பெட்டியைக் கொடுத்து, ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃபுக்காகக் காசும் கேட்டு வரச் சொன்னார்கள். முதல் வசூல் 17 டாலர். செலவு என்று பார்த்தால் காலியான பால் பெட்டி. அதுவே பிறகு நாடு முழுக்கப் பரவி, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் செய்யும் வழக்கமானது. போரில் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காக 1946-இல் தொடங்கிய யுனிசெஃப், இன்றும் முழுக்க முழுக்க நாடுகளும் தனிமனிதர்களும் விருப்பத்தோடு தரும் பணத்தில்தான் நடக்கிறது.

அதற்குப் பிறகு நாங்கள் வைத்துக்கொண்ட பழக்கம்: உண்டியலுக்கு முத்திரை வைப்போம். இரண்டு பேர் இல்லாமல் திறக்க மாட்டோம். எண்ணிய தொகையை அன்றைக்கே எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவோம். செலவுக்கு வசூலைத் தொடவே மாட்டோம், செலவை ஏற்றுக்கொள்ளத் தனியாக ஆள் பிடிப்போம்.

*

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

மூன்றாம் ஆண்டு விடுமுறையில் வேறு நாட்டில் உள்ள ஒரு குழந்தைகள் இல்லத்துக்குத் தொண்டு செய்யப் போனேன். மூன்று வாரம். அதற்காகவே நிதி திரட்டி, பெரும்பகுதியை விமானச் சீட்டுக்குச் செலவழித்திருந்தேன். இறங்கிய முதல் மணி நேரத்திலேயே நாலு வயதுச் சிறுமி ஒருத்தி என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். தூங்கும்வரை விடவில்லை. எவ்வளவு அன்பான பிள்ளை என்று வீட்டுக்கு எழுதினேன்.

கிளம்பும் நாள் காலையில் எப்படி விடைபெறுவது என்று தவித்துக்கொண்டிருந்தேன். அவள் அழவே இல்லை. என் பையை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டு போய் வாசலில் வைத்தாள். செருப்பை எடுத்துத் திருப்பி, நான் மாட்டிக்கொள்ள வசதியாகப் பக்கத்தில் வைத்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். எனக்கு முன்னால் எத்தனை பேருக்கு இதைச் செய்திருப்பாள்! அவளுக்கு அது பழகியிருந்தது.

திரும்பி வந்து படித்ததெல்லாம் என்னைத் தூங்க விடவில்லை. உலகெங்கும் இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமைதான் பிரித்திருக்கிறது. எங்களைப் போன்றவர்கள் பணத்தோடு வந்துகொண்டே இருப்பதால், இல்லத்தை நிரப்ப வீடுகளிலிருந்தே பிள்ளைகளைக் கொண்டுவரும் இடங்களும் உண்டு. ஆஸ்திரேலியா 2018-இல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தபோது இதையும் ஆள்கடத்தலாகவே பேசினார்கள். 2019-இல் ஐ.நா. பொதுச்சபை, இல்லங்களுக்குப் போகும் தொண்டுப் பயணங்களின் தீங்கைத் தன் தீர்மானத்திலேயே குறிப்பிட்டது. ருமேனியாவின் புக்கரெஸ்ட்டில் 2000-இல் தொடங்கி 136 குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வும் இருக்கிறது. இல்லத்திலேயே வளர்ந்தவர்களைவிட வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனவர்கள் தேறினார்கள், அதுவும் இரண்டு வயதுக்குள் போனவர்கள் நன்றாகத் தேறினார்கள். குழந்தைக்கு வேண்டியது போகாமல் இருக்கும் ஒரு முகம். நான் மூன்று வாரத்தில் போய்விட்ட முகம்.

இப்போது பிள்ளைகளைக் குடும்பத்தோடு சேர்த்து வைக்கும் அமைப்பு ஒன்றுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறேன். அங்கே போய்ப் பார்க்க எனக்கு விருப்பம் இல்லை. போகப்போவதும் இல்லை.

*

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே இருந்தேன். என்னுடையது சின்ன விஷயம்தான், சொல்கிறேன்.

சுவரொட்டிக்குப் படம் தேடிக்கொண்டிருந்தோம். விலா எலும்பு தெரிய, முகத்தில் ஈ மொய்க்கும் ஒரு குழந்தையின் படத்தை எடுத்து வைத்தேன். இதுதான் பணம் வாங்கும் என்றேன். எங்கள் குழுவில் அதிகம் பேசாத ஒருவன் எழுந்தான். "ஏழு வயதுவரை நான் முகாமில் இருந்தேன். கேமராவோடு வருவார்கள். சட்டையைக் கழற்றச் சொல்வார்கள்," என்றான். அவ்வளவுதான் சொன்னான். அவனோடு இரண்டு வருடம் ஒரே வகுப்பில் இருந்தும் எங்களுக்கு இது தெரியாது.

படங்களே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1919-இல் எக்லன்டைன் ஜெப் என்ற ஆங்கிலேயப் பெண் லண்டனில் பட்டினியால் வாடும் ஆஸ்திரியக் குழந்தையின் படம் போட்ட துண்டறிக்கை கொடுத்துக் கைதானார். ஐந்து பவுண்டு அபராதம் விதித்தார்கள். வழக்கு நடத்திய அரசு வழக்கறிஞரே அந்த ஐந்து பவுண்டைக் கொடுத்தார் என்பார்கள். அந்த ஆண்டுதான் குழந்தைகளுக்கான சேவ் தி சில்ட்ரன் தொண்டு அமைப்பு பிறந்தது. முதல் உலகப் போரில் எதிரியாக இருந்த நாட்டின் குழந்தையும் குழந்தைதான் என்று காட்ட அன்று அந்தப் படம் தேவைப்பட்டது. ஆனால் அதே ஜெப் எழுதிய குழந்தை உரிமைப் பிரகடனத்தைத்தான் 1924-இல், ஐ.நா.வுக்கு முன்பிருந்த சர்வதேச சங்கம் ஏற்றது. அதன் வழியில் வந்ததுதான் 1989-இன் குழந்தை உரிமை உடன்படிக்கை. குழந்தையின் அந்தரங்கத்துக்கும் மரியாதைக்கும் அதில் தனியாக ஒரு பிரிவே இருக்கிறது. நாங்கள் அந்தப் படத்தை எடுத்துவிட்டு, புத்தகத்தைப் பிடித்திருக்கும் இரண்டு கைகளை வரைந்தோம். வரைந்தவன் அவன்தான்.

*

அண்ணா, நான் இன்னும் பள்ளியில் படிக்கிறேன். எங்கள் வகுப்பில் ஆறு பேர்தான் தயாராக இருக்கிறோம். நவம்பர் 20 உலகக் குழந்தைகள் தினத்தன்று ஏதாவது செய்ய ஆசை. நீங்கள் சொன்ன அந்த நாடாவை நாங்களே செய்ய முடியுமா?

*

ஆறு பேர் போதும் தம்பி. தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்த அமைப்புக்கு, எந்த வேலைக்கு என்று முதலிலேயே முடிவு செய்து உண்டியலின் மேலே எழுதிவிடுங்கள். பொருளாளர் நண்பர் சொன்னது போல இரண்டு பேர் சேர்ந்து எண்ணுங்கள்.

நாடா சுலபம்தான். கெட்டியான காகிதம், ஒரு விரல் அகலம், 20 சென்டிமீட்டர் நீளம். ஒரு முனையிலிருந்து அளந்து 11.5 வரை சிவப்பு அடியுங்கள். அங்கிருந்து 12.5 வரை மஞ்சள். மிச்சமெல்லாம் பச்சை. யார் கையிலாவது கொடுக்கும்போது சிவப்பு முடியும் இடத்தில் வளைத்துப் பிடித்துக் கொடுங்கள்.