அத்தைக்கு என்ன புத்தகம்?

அத்தான்: எல்லாருக்கும் வணக்கம். அம்மா காலில் நேற்று மாவுக்கட்டு போட்டாயிற்று. ஆறு வாரம் ஊன்றக் கூடாதாம். டிவி வேண்டாம், நல்ல நாவலாகக் கொடு என்கிறாள். அப்பா போனதிலிருந்து ஒரு பக்கம்கூடப் படிக்காதவள் தானாகக் கேட்கிறாள். எனக்கு இதில் ஒன்றும் தெரியாது, சொல்லுங்கள். யாரிடமாவது வாக்கர் இருந்தாலும் சொல்லுங்கள்.

பெரியம்மா: வலி குறைந்திருக்கிறதா?

சின்னவன்: பொன்னியின் செல்வன்

அத்தான்: மூன்று தடவை படித்தாயிற்றாம்

அக்கா: ஐந்து பாகத்தைப் படுத்துக்கொண்டு எப்படிப் பிடிப்பதாம்

சித்தப்பா: அதுதான் முதல் விஷயம். மல்லாந்து படுத்துப் படிக்கிறவளுக்குத் தடி புத்தகம் கொடுத்தால் மணிக்கட்டு விட்டுப்போகும், இரண்டாம் நாளே மூடி வைத்துவிடுவாள். நீண்ட நாள் விட்டுப்போன ஆளுக்குச் சின்ன நாவலில்தான் தொடங்க வேண்டும். அசோகமித்திரனின் தண்ணீர் இருக்கிறது. சென்னையில் ஒரு தெருவில் குழாயில் தண்ணீர் வராத நாட்கள், ஜமுனா, சாயா என்று அக்கா தங்கை இரண்டு பேர், அவ்வளவுதான் கதை. ஆனால் ஜமுனா முற்றிலும் உடைந்து போயிருக்கிற சமயத்தில் டீச்சரம்மா தன் வாழ்க்கையை எடுத்துச் சொல்கிற இடம் ஒன்று வரும். ஆறுதல் என்று ஒரு சொல் கிடையாது, அதைவிடப் பெரிய ஆறுதலை நான் படித்ததில்லை. அடுத்து ஹெப்சிபா ஜேசுதாசனின் புத்தம் வீடு, 1964இல் வந்தது, லிஸி என்ற பெண் வளர்ந்து பெரியவளாகி வீட்டுக்குள்ளேயே அடைபடுகிற கதை. அப்புறம் பூமணியின் வெக்கை.

சின்னவன்: அசுரன் படம்தானே அது. பார்த்தாயிற்றே

சித்தப்பா: படம் வேறு. நாவலில், கொலை செய்துவிட்ட பதினைந்து வயதுப் பையனும் அப்பாவும் காட்டில் ஒளிந்து திரிகிற சில நாட்கள்தான் எல்லாமே. எங்கே தண்ணீர் கிடைக்கும், எங்கே படுக்கலாம் என்று பையன் அப்பாவிடமிருந்து கற்றுக்கொண்டே போவான். அந்த அப்பாவுக்காகவே படிக்க வேண்டும்.

அக்கா: தி. ஜானகிராமனின் மோகமுள்?

சித்தப்பா: நான்காவது வாரம் கொடுக்கலாம், பெரிது. சுதேசமித்திரன் பத்திரிகையில் தொடராக வந்தது. என் அக்கா, அதான் உங்கள் அத்தை, அந்தக் காலத்தில் தொடர்கதைகளை வாராவாரம் கிழித்து, ஊசிநூலால் தைத்து, அட்டை போட்டு வைத்திருந்தாள். ஜெயகாந்தனின் அக்கினிப் பிரவேசம் என்ற சிறுகதை வந்த இதழை அப்பா பரணில் ஒளித்து வைத்தார், அவள் ஏறி எடுத்துப் படித்தாள். அந்தக் கதையில், யாரோ ஒருவன் கெடுத்துவிட்டு வீடு திரும்புகிற பெண்ணின் தலையில் அம்மா தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்பாள். அந்த அம்மா அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகும் என்பதுதான் அவருடைய சில நேரங்களில் சில மனிதர்கள் நாவல். 1972இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கியது. இரண்டையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள்.

பெரியப்பா: அப்பா எதையும் ஒளிக்கவில்லை

சித்தப்பா: ஒளித்தார் அண்ணா. அந்தத் தைத்த புத்தகங்கள் இன்று இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. வீட்டைப் பிரித்தபோது அலமாரியோடு எடைக்குப் போனது.

பெரியப்பா: கரையான் அரித்தது. எத்தனை வருஷம் இதையே சொல்வாய்

அக்கா: இப்போது அது வேண்டாமே

அத்தான்: வாக்கர்?

பெரியம்மா: எங்கள் மாடியில் கிடக்கிறது

சித்தப்பா: இன்னொன்றை மறந்துவிட்டேன். ஆரோக்கிய நிகேதனம். தாராசங்கர் பந்தோபாத்யாய வங்காளத்தில் எழுதியது, தமிழில் த.நா. குமாரஸ்வாமி. ஜீவன் மஷாய் என்று வயதான வைத்தியர், நாடியைப் பிடித்தே ஒருவருக்குச் சாவு எப்போது வரும் என்று சொல்லிவிடுவார். சொந்த மகனின் நாடியையும் பார்க்க வேண்டி வரும். எனக்கு வாய்த்த நாவல்களில் அதுதான் முதலிடம்.

பெரியம்மா: அவர் போய் இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. படுத்துக் கிடக்கிறவளுக்குச் சாவுக் கதையா?

அக்கா: பெரியம்மா சொல்வது சரி

சின்னவன்: போனிலேயே படிக்கலாமே, எழுத்தைப் பெரிதாக்கலாம்

அத்தான்: கண் கூசுகிறதாம். சரி, தண்ணீரும் வெக்கையும் நாளைக்கு வாங்கிவிடுகிறேன்

அத்தை: எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். கால்தான் உடைந்தது, கண் இல்லை. தம்பி, அந்த நாடி பார்க்கிறவர் கதையைக் கொடு. மாமாவைப் பற்றி என்னிடம் யாரும் பேச மாட்டேன் என்கிறீர்கள், பேச்சு வந்தாலே எழுந்து போகிறீர்கள். புத்தகமாவது பேசட்டும்.

அத்தை: அப்பா ஒளித்தது உண்மைதான் அண்ணா

சித்தப்பா: என் பிரதி எங்கே போனதென்று தெரியவில்லை அக்கா. யாரோ வாங்கிப் போனார்கள், திரும்பவில்லை.

அக்கா: நான் இல்லை

சின்னவன்: நானும் இல்லை

பெரியம்மா: என்னிடம் இருக்கிறது. உங்களுடையது இல்லை, மாமனாருடையது. எடைக்குப் போடுவதற்கு முன்னால் எடுத்து வைத்தேன். இரண்டு முறை படித்திருக்கிறேன், அதனால்தான் வேண்டாம் என்றேன். அந்த மகன் வருகிற இடம் தாங்காது.

பெரியப்பா: என்னிடம் சொல்லவே இல்லையே

அத்தை: அண்ணி, தாங்கும். நீங்களே கொண்டுவாருங்கள், கூட உட்கார்ந்து அந்த இடத்தை நீங்கள் படித்துக் காட்டுங்கள்

பெரியம்மா: ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன். கார் யார் எடுப்பது?

சித்தப்பா: நான் வருகிறேன் அண்ணி. தண்ணீரையும் எடுத்து வருகிறேன், அதையே முதலில் படிக்கட்டும்

அத்தை: முதலில் எது என்று நான் பார்த்துக்கொள்கிறேன்

அத்தான்: வாக்கரையும் மறக்காமல் காரில் போடுங்கள்