கலைச்சொல் உதவி: நடுக்கத்தை உணர்ந்தவர் அனுப்பும் தகவலுக்கு என்ன பெயர்?

காரைக்குடி ஆசிரியை:
வணக்கம். எட்டாம் வகுப்பு நிலநடுக்கக் கையேடு நாளைக் காலை அச்சுக்குப் போகிறது. 'கட்டில் ஆடியது, பாத்திரம் உருண்டது' என்று மக்கள் இணையப் படிவத்தில் எழுதுகிறார்களே, அதற்குச் சொல் வேண்டும். 'உணர்வறிக்கை' என்றேன். "அழுகை வந்தா எழுதுறதா டீச்சர்?" என்று கேட்டாள் ஒருத்தி.

தேவகோட்டை ஐயா:
நடுக்கச்சான்று. சால் என்றால் நிறைதல். சால்பு, சான்றோர், சான்று எல்லாம் அந்த வேர். தொல்காப்பிய உரியியல் அதிர்வையும் விதிர்ப்பையும் நடுக்கப் பொருளில் வைக்கிறது. 'விதிர்விதிர்த்துப் போனேன்' என்று இன்றும் சொல்கிறோம். எனவே 'விதிர்ச்சான்று' இன்னும் நன்று.

பள்ளத்தூர்:
ஐயா, விதிர்ச்சான்றுக்கே உரை எழுத வேண்டிவரும். 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக் கடலில் நடுங்கியபோது நான் சென்னையில் இருந்தேன். 'தெரிஞ்சுச்சா?' என்றுதான் எல்லாரும் கேட்டோம். 'நடுக்கச் செய்தி' போதாதா?

கானாடுகாத்தான்:
சான்று என்றால் மெய்ப்பிக்கப்பட்டது என்றாகிவிடும் ஐயா. ஒற்றைப் படிவத்தை அப்படி நம்ப முடியாது. லாரி போனாலும் அலமாரி அதிரும். வீட்டுக்குள் பட்டாலையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவது தெருவில் நடப்பவருக்குத் தெரியாது. ஒரே வட்டாரத்திலிருந்து பல படிவங்கள் வந்தால் கதை வேறு: தனி ஆள் பிழைகள் சராசரியில் அடங்கி, ஓர் இடத்தில் நடுக்கம் எவ்வளவு உணரப்பட்டது என்று காட்டும் 12 படி மெர்க்காலி அளவில் அந்த ஊருக்கு ஒரு படி கிடைக்கிறது. ஐரோப்பிய மத்தியதரைக்கடல் நிலநடுக்க மையம், ஒரு பகுதி மக்கள் திடீரெனத் தன் இணையதளத்தில் குவிவதைக் கொண்டே நடுக்கத்தை ஊகிக்கிறது. ஆனால் மிக மோசமாக இடிந்த ஊரிலிருந்து படிவமே வராது. மின்சாரமும் செல்பேசிக் கோபுரமும் போயிருக்கும். அந்த மௌனத்தை 'ஒன்றுமில்லை' என்று படித்தால் உதவி வேறு ஊருக்குப் போய்விடும். பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். என் சொல் 'உணர்பதிவு'. வினைத்தொகை, உணர்ந்த, உணர்கிற, உணரும் மூன்றும் அடக்கம்.

தேவகோட்டை ஐயா:
கருவி வரைவதும் பதிவு, மனிதர் சொல்வதும் பதிவா? பிள்ளை குழம்பாதா?

காரைக்குடி ஆசிரியை:
அதை 'கருவிப்பதிவு' என்று பிரித்து எழுதிவிடுகிறேன் ஐயா. தனிமடலில் வந்தவற்றிலும் உணர்பதிவுக்கே ஆதரவு அதிகம். மணி பதினொன்று, அதையே வைக்கிறேன்.

தேவகோட்டை ஐயா:
அச்சிடுங்கள் அம்மா. ஆனால் ஒரு வட்டாரத்து உணர்பதிவுகள் சேர்ந்து நிறைகின்றனவே, அந்தத் தொகுதிக்கு இன்னும் பெயரில்லை. சால்வது அங்கேதான். சான்றை நான் விடவில்லை.