திடல் விவகாரம்: வழக்கும் வேண்டாம், நிலமும் வாங்க வேண்டாம்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு,

வணக்கம். சிறுவர் விளையாட்டு மன்றத்துக்கு ஊராட்சி கொடுத்திருக்கும் நோட்டீஸ் பற்றிக் குழுவில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்தேன். வழக்குப் போட்டுவிடலாம் என்கிறார் சிங்கப்பூர் அண்ணன். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு மன்றத்தின் பெயரிலேயே நிலம் வாங்கலாம் என்கிறார் மஸ்கட் மாமா. பிள்ளைகள்மேல் இருவருக்கும் உள்ள அக்கறையை நான் அறிவேன். ஆனாலும் இரண்டுமே வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

நோட்டீஸின் படத்தைத் தங்கை அனுப்பியிருந்தாள். பிள்ளைகள் விளையாடும் திடல் இருக்கும் மேய்க்கால் புறம்போக்கில், அதாவது ஆடுமாடு மேய்வதற்கான பொது நிலத்தில், அனுமதியின்றி நட்ட கம்பங்களையும் தகரக் கொட்டகையையும் அகற்ற வேண்டும், அங்கே குப்பை தரம் பிரிக்கும் கூடம் வரப்போகிறது என்று இருக்கிறது. படித்தவுடன் எனக்கும் இரத்தம் கொதித்தது. ஆனால் சட்டத்தைப் புரட்டினால் ஊராட்சியின் கை வெறுங்கை அல்ல. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் மேய்ச்சல் தரை, களம், மந்தை, வண்டிப்பாதை, தோப்பு போன்ற புறம்போக்குகளைக் கிராம ஊராட்சியிடம்தான் ஒப்படைத்திருக்கிறது. நம் மன்றம் 1975-ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டப்படி பதிவானது, உண்மை. ஆனால் அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு ஒரு சென்ட் நிலத்துக்குக்கூட உரிமை கோர முடியாது.

நீதிமன்றத்துக்குப் போனால் என்ன ஆகும்? 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பைக் கொடுத்தது. ஊர்ப் பொது நிலங்களை ஆக்கிரமித்தவர்களை அப்புறப்படுத்தத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. ஏரியும் மந்தையும் காணாமல் போன ஊர்களுக்கு அது பெரிய பாதுகாப்பு. ஆனால் நாம் வழக்குப் போட்ட மறுநாளே அதே தீர்ப்பை எடுத்துக்கொண்டு எதிர்த் தரப்பு வந்து நிற்கும். பள்ளிக்கூடம், மருந்தகம் போன்ற பொதுப் பயன்பாடு ஏற்கெனவே இருக்கும் இடங்களுக்கு அதில் விதிவிலக்கு உண்டு. பிள்ளைகளின் திடல் அதில் அடங்கும் என்று வாதாடலாம்தான். வாதாடி முடிவதற்குள் இப்போது ஏழாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை கல்லூரிக்குப் போய்விடும். அதுவரை காகிதத்தில் நம் பிள்ளைகள் ஆக்கிரமிப்பாளர்கள். அந்தப் பெயர் அவர்களுக்கு வரக் கூடாது.

ஊராட்சித் தலைவருக்கு விளையாட்டு என்றாலே ஆகாது என்று ஒருவர் எழுதியிருந்தார். நான் அப்படி நினைக்கவில்லை. அரசியலமைப்பின் பதினோராம் அட்டவணையில் ஊராட்சிகளுக்கு உரிய பணிகளாக 29 இனங்கள் இருக்கின்றன. சுகாதாரமும் துப்புரவும் அதில் உண்டு. விளையாட்டுத் திடல் என்ற சொல்லே இல்லை. நகராட்சிகளுக்கான பன்னிரண்டாம் அட்டவணையிலோ பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். கிராமத்துப் பிள்ளைக்கு வயற்காடே போதும் என்று எண்ணினார்களோ என்னவோ, எனக்கு இது ஆறாத மனக்குறை. குப்பைக் கூடத்துக்கு நிதி வருகிறது, கெடு வருகிறது, மேலிருந்து ஆய்வுக்கு ஆள் வருகிறார். திடலுக்கு எதுவும் வருவதில்லை. அப்படியிருக்க, ஊராட்சி அலுவலகத்தில் எந்தக் கோப்பு முதலில் நகரும்? நமக்குப் பிடி கிடைப்பது பதினோராம் அட்டவணையின் கடைசி இனத்தில்: சமுதாயச் சொத்துகளைப் பராமரித்தல். அதைப் பிடித்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

குப்பைக் கூடம் ஊருக்குத் தேவைதான். வாய்க்கால் கரையில் குப்பை எரிவதை ஒவ்வொரு விடுமுறையிலும் பார்த்துவிட்டு இங்கே வந்து புலம்புகிறவர்கள் நாம். திடலா கூடமா என்று கேள்வியை நாமே குறுக்க வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். கபடி ஆடுகளம் 13 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது மூன்று சென்ட்டுக்குச் சற்று மேல். கோ-கோ களம் 27-க்கு 16 மீட்டர், பதினோரு சென்ட்கூட வராது. சுற்றிலும் ஓட இடம் விட்டாலும் அரை ஏக்கரில் இரண்டும் தாராளமாக அடங்கும். நம் திடல் அதைவிடப் பெரியது. கூடத்தைச் சாலை ஓரமாகத் தள்ளிக் கட்டினால் குப்பை வண்டிக்கும் வசதி. இப்போதைய வரைபடத்தில் அது நட்டநடுவில் உட்கார்ந்திருக்கிறது. அந்த ஒன்றைத்தான் மாற்றச் சொல்ல வேண்டும்.

மாமாவின் யோசனைக்கு வருகிறேன். மாமா, உங்கள் மனசு பெரியது, பணமும் திரண்டுவிடும். ஆனால் புறம்போக்குத் திடலில் கால் வைக்க யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஊர்த்தெருப் பிள்ளையும் காலனிப் பிள்ளையும் ஒரே அணியில் கைகோத்துக் கபடி ஆடுவது நம் ஊரில் அந்த ஓர் இடத்தில்தான். கோயில் திருவிழாவிலேயே இன்னும் நடக்காதது அங்கே தினமும் மாலை ஐந்து மணிக்கு நடக்கிறது. பத்திரம் போட்டு வாங்கிய நிலத்துக்கு வேலி வரும், கதவு வரும், சாவி யாரிடம் என்ற கேள்வி வரும். இன்றைய நிர்வாகிகள் நல்லவர்கள். பத்து ஆண்டு கழித்துச் சாவியை வைத்திருக்கப்போவது யார் என்று நம்மில் யாராவது உறுதி சொல்ல முடியுமா?

பெண் பிள்ளைகளையும் நினைத்துப் பாருங்கள். திடல் போனால் பையன்கள் ஆற்று மணலுக்கோ பக்கத்து ஊருக்கோ சைக்கிளை மிதித்துவிடுவார்கள். பெண் பிள்ளைகளை வீட்டில் அனுப்ப மாட்டார்கள். ஊர் நடுவில், எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் இருப்பதால்தான் தாய்மார்கள் அவர்களை விளையாட விடுகிறார்கள். நோட்டீஸ் வந்த பிறகு எடுத்த காணொளி ஒன்று தங்கை அனுப்பியதில் இருந்தது. பால்பவுடர் டப்பாவின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, அதில் சுண்ணாம்புத் தூளை நிரப்பித் தட்டித் தட்டிக் கோ-கோ களத்துக்குக் கோடு போடுகிறாள் ஒரு பெண். கோடு கோணியதும் காலால் அழித்துவிட்டு மறுபடி போடுகிறாள். இந்தப் பிள்ளைக்குத்தான் நாம் வழி செய்தாக வேண்டும்.

நான் இருக்கும் பிரிஸ்டல் பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். லிட்டில் ஸ்டோக் என்ற இடத்துப் பூங்காவில் சனிக்கிழமைதோறும் தன்னார்வலர்கள் நடத்திய இலவச ஓட்டத்துக்குக் கட்டணம் வாங்க 2016 ஏப்ரலில் அங்குள்ள ஊராட்சி மன்றம் முடிவெடுத்தது. பாதை தேய்கிறது, பராமரிப்புக்குப் பணம் வேண்டும் என்பது அவர்கள் தரப்பு. ஓட்டம் எப்போதும் இலவசமாகவே இருக்கும் என்பது நடத்தியவர்களின் கொள்கை. செய்தி நாடெங்கும் பரவியது, எங்கெங்கோ இருந்தவர்கள் கண்டித்தார்கள். மன்றம் இறங்கி வரவில்லை, அங்கே ஓட்டம் நின்றுபோனது. ஊருக்கு வெளியே இருந்து எழும் சத்தம் உள்ளூர் மன்றத்தை அசைக்காது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஊராட்சி கேட்டாக வேண்டிய குரல் கிராம சபையில் இருக்கிறது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். நமக்கு அங்கே வாக்கில்லை, ஆனால் நம் அம்மாக்களுக்கு உண்டு, அத்தைகளுக்கு உண்டு. அக்டோபர் 2 அன்று சபை கூடும். அதற்கு முன் மன்றத்தினர் இரண்டு வேலைகளை முடிக்க வேண்டும். ஒன்று, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி 'அ' பதிவேட்டு (ஊர் நிலங்களின் வருவாய்த் துறைப் பதிவேடு) நகல், புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்), கூடத்தின் வரைபடம் மூன்றையும் கேட்பது. முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பதால் இந்த வாரமே மனு போயாக வேண்டும். மற்றொன்று, தலைவரை நேரில் பார்த்துப் பணிவாகப் பேசுவது. சபையில் எல்லார் முன்னும் அவரை முதன்முதலாக மடக்கினால் அவர் விட்டுக்கொடுக்க விரும்பினாலும் முடியாமல் போய்விடும்.

சபையில் கேட்க வேண்டிய தீர்மானம் இதுதான்: நிலம் ஊராட்சியிடமே இருக்கட்டும். கூடம் சாலை ஓரமாகப் போகட்டும். மீதியைப் பிள்ளைகளின் விளையாட்டுத் திடலாக ஊராட்சிப் பதிவேட்டில் எழுதி, வகைப்பாட்டை மாற்றித் தரும்படி வருவாய்த் துறைக்குப் பரிந்துரைக்கட்டும். மன்றம் திடலைப் பராமரிக்கும், உரிமை கோராது.

திரட்டும் பணம் வீண்போகாது. கூடத்தை இடம் மாற்றுவதால் கூடுதல் செலவு வந்தால் அதை ஊராட்சிக்கு ரசீதோடு கொடுப்போம். தலைவருக்கும் அது வசதியாக இருக்கும்.

தீர்மான வரைவை நான் எழுதிவிட்டேன், நாளை குழுவில் போடுகிறேன். சென்னையில் வக்கீலாக இருக்கும் சித்தப்பா ஒரு முறை பார்த்துத் திருத்தித் தர வேண்டும். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பேசும்போது, அக்டோபர் 2 அன்று சபைக்குப் போய்க் கையெழுத்துப் போடும்படி அம்மாவிடம் சொல்லுங்கள். எந்தெந்த வீட்டில் பேசியாயிற்று என்று இங்கே ஒரு வரி எழுதினால், விட்டுப்போன வீடுகளுக்கு என் அம்மாவே நடந்து போய்ச் சொல்லிவிடுவார்.

அன்புடன்,
உங்கள் தங்கை,
பிரிஸ்டலிலிருந்து